பாட்டிலில் நீ போட்ட கோடு

செல்வா,

சாப்பிட்டு, கை கழுவி, நிதானமாக உட்கார்ந்த பிறகு இதைப் படி. கல்யாண நேரத்தில் அம்மா கடிதம் எழுதியிருக்கிறாளே, என்ன வில்லங்கமோ என்று பதறாதே. மண்டபம் அதே பூந்தமல்லி மண்டபம்தான், பெண் அதே ரேவதிதான், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. எனக்குத்தான் உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. பதினாலு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. போனில் சொன்னால் "விடும்மா, பரவால்ல" என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதம். என்னைப் பேசவிடாமல் செய்ய இதில் உனக்கு வழியில்லை.

இங்கே மத்தியானம் மூன்று மணி. அண்ணனூர் ஷெட்டுக்குள் காலி ரயில் ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. ஆள் இல்லாத பெட்டிகள், வெறுமனே ஆடும் கைப்பிடிகள், அதற்குள் வெயில் மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டு போகிறது. அப்பா உள்ளே தூங்குகிறார். நான் பின்பக்க வராந்தாவில் தையல் மிஷின் பலகை மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். என் காலடியில் உன் குட்டி வண்டி நிற்கிறது. ஆமாம், அதேதான். என் முழங்கால் உயரம், சிவப்பு பெயின்ட், வலது பக்கம் நீ ஒட்டிய மின்னல் ஸ்டிக்கர் பாதி உரிந்து கிடக்கிறது. பரணிலிருந்து நானே இறக்கினேன். இந்த நேரத்தில் கண் செருகும் பார், அப்போதெல்லாம் அது தானாகவே வராந்தாவை ஒரு சுற்று சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். விழித்துப் பார்த்தால் ஸ்டாண்டு போட்டபடி அப்படியே நிற்கும். சக்கரம் சுற்றுகிறதா என்று ஒருநாள் குனிந்துகூடப் பார்த்தேன். எனக்கு வயசாகிறது என்று சிரித்துக்கொள்.

போன மாதம் நிச்சயம் முடிந்த மறுநாள் ரேவதி நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாளே, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். நான் அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் ஹாலில். அவள் உன்னைக் கிண்டல் செய்தாள். "இன்னாபா இது, மெட்ராஸ் பையன், டூ வீலர் ஓட்டத் தெரியாதா? பூனாவுல என் ஸ்கூட்டி பின்னாடிதான் குந்திகினு வரப்போறியா?" நீ சிரித்தாய். அப்புறம் சொன்னாய், "சின்ன வயசுல ஒரு பாக்கெட் பைக் இருந்துச்சு. ஆயில் ஊத்தாம ஓட்டி இன்ஜினைக் காலி பண்ணிட்டேன். எனக்கும் வண்டிக்கும் ராசியில்ல, விடு." அப்பளம் கருகிற்று. நீங்கள் அதையும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். ரேவதி நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னாள், தங்கமான பெண். நான் மட்டும் அன்று முழுக்க உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய், அல்லது கவனித்தும் சும்மா இருந்திருப்பாய். சும்மா இருப்பது உனக்குக் கைவந்த கலை ஆயிற்றே.

நீ ஆயில் ஊற்றாமல் ஓட்டவில்லை, செல்வா. அது உனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்காக அப்படிச் சொல்கிறாயா, இல்லை சொல்லிச் சொல்லி நிஜமாகவே அப்படித்தான் நடந்தது என்று நம்ப ஆரம்பித்துவிட்டாயா? இரண்டில் எது என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று. எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் எதிர் வரிசையில் இருந்த ஒரு ஆபீசர் மாற்றலாகி வடக்கே போனார். அவர் மகன் வளர்ந்துவிட்டான், கால் நீண்டு வண்டிக்கு வெளியே மடங்கியது. "உங்க பையன் ஓட்டட்டும்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார். உனக்கு அப்போது பன்னிரண்டு. அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், கல்யாண வீட்டிலிருந்து வாழைக்குலை தூக்கி வருகிற மாதிரி. கியர் கிடையாது, கிக்கர் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கயிறு, அதைச் சுண்டி இழுத்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் இருவரும் மைதானத்துக்குப் போவீர்கள். நான் மாடிப்படியில் நின்று பார்ப்பேன். வேப்பமரங்களுக்கு நடுவே நீலப் புகை மெல்லப் பரவி நிற்கும், அதற்குள் நீ தெரிவாய், மறைவாய், மறுபடி தெரிவாய். அந்தப் புகை வாசனை எனக்குப் பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. அப்பா நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். ராணுவ டாங்கி இன்ஜின்களை ஓட்டிப் பார்த்துத் தேறிற்று என்று கையெழுத்துப் போடுகிற மனுஷன், அந்தக் கொசு வண்டிக்கும் அதே மரியாதை கொடுத்தார். "கேட்டுகினியா? இப்ப பாடுது பாரு" என்பார். அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும், லிட்டருக்கு நாற்பது மில்லி, அதற்கென்றே விற்கிற டூ-டி ஆயில் என்று அப்பா உனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். நீ ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, காம்பஸ் முனையால் அதில் இரண்டு கோடு கீறினாய். கீழே ஒன்று, ஆயிலுக்கு. மேலே ஒன்று, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு. அப்பா தன் ஸ்கூட்டரிலிருந்து சனிக்கிழமையே பெட்ரோல் எடுத்து வைத்துவிடுவார். நீ கீழ்க்கோடு வரை ஆயில் ஊற்றி, மேல்கோடு வரை பெட்ரோல் ஊற்றி, மூடி, குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். லேசான பச்சை நிறத்தில் அழகாக இருக்கும். வீட்டில் மற்ற எதிலும் உனக்கு ஒழுங்கு கிடையாது, ஷூ ஒரு மூலையில், பை ஒரு மூலையில். ஆனால் அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு போகவும் விடமாட்டாய், குறையவும் விடமாட்டாய்.

அந்த வாரம் ஆயில் தீர்ந்துபோயிற்று. வரும் வழியில் பங்க்கில் வாங்கி வா என்று அப்பா இரண்டு நாளாக என்னிடம்தான் சொன்னார். இரண்டு நாளும் மறந்தேன். நான் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் அப்போது ஆர்டர் நெருக்கடி, மாலை வீடு வந்தால் கண்ணுக்குள் காக்கித் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிறு காலை. அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நீ பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். "அம்மா, ஆயில்?" நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் ஓட்டிக்கொள்ளடா என்று சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை. தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்தேன். மிஷின் ஆயில் இருந்தது, தண்ணீர் மாதிரித் தெளிவான வெள்ளை ஆயில். இருபது வருஷமாக அந்த ஆயிலில்தான் என் பிழைப்பு ஓடியது. கிறீச்சிடுகிற எந்த மிஷினுக்கும் நாலு சொட்டு விட்டால் சாந்தமாகிவிடும். ஆயில் என்றால் ஆயில்தானே என்று நினைத்தேன். ஒரு தையல்காரி மட்டுமே அப்படி நினைத்திருப்பாள். உன் கீழ்க்கோடு வரை நானே ஊற்றினேன்.

"ஏம்மா, கலரே இல்ல?" என்று கேட்டாய்.

"புது ஆயில்டா. ஊத்திக்கினு போ" என்றேன்.

இன்ஜின் சூட்டை அந்த மெல்லிசு ஆயில் எப்படித் தாங்கும்? சித்திரை வெயிலில் அரைமணி நேரம் ஓடியிருக்கும். மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் சட்டென்று நின்றது. மெதுவாக அடங்கவில்லை, பாதி வார்த்தையில் வாயைப் பொத்தியதுபோல் நின்றது. பிஸ்டன் பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் பூட்டி, நீ முன்னால் தூக்கி எறியப்பட்டாய். மணிக்கட்டு உடைந்தது. நான் ஓடி வருவதற்குள் நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய், உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கட்டு போட்டு வந்த பிறகு சாயந்திரம் அப்பா இன்ஜினைப் பிரித்தார். உன்னையும் என்னையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டுதான் பிரித்தார். பிஸ்டன் பக்கவாட்டில் வரிவரியாகக் கீறிப்போயிருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்தார். "ஆயில் கலந்தியா?" என்றார். "கலந்தேன்பா" என்றாய். அலமாரியில் இருந்த டூ-டி ஆயில் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "டப்பா காஞ்சிக் கெடக்குது. எத்தைடா கலந்த?" நீ என்னைப் பார்த்தாய். "அம்மாதான்பா ஊத்தினாங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "நீயா ஊத்தின?"

அந்த ஒரு நிமிஷத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நியாயம் கற்பிக்க அல்ல, நீ கேட்டால் பதில் இருக்க வேண்டும் அல்லவா? அந்த மிஷின் ஆயில் தொழிற்சாலை ஆயில். டிபன் பாக்ஸுக்குள் சின்ன மருந்து பாட்டிலில் வைத்து, கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்தது. வீட்டில் நாலு ஜாக்கெட் தைக்க அது போதும். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் பிரிவில் ஒருத்தி நூல்கண்டோடு கேட்டில் பிடிபட்டு வேலையை விட்டு நிறுத்தப்பட்டிருந்தாள். அந்தச் செய்தியை நான் சொன்னபோது உன் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "திருடுன துட்டுல சோறு துன்றதுக்குப் பட்டினி கெடக்கலாம்" என்றார். அந்தத் தட்டு என் கண் முன்னால் வந்தது. வாய் தானாகத் திறந்தது. "நான் எதுவும் ஊத்தலையே" என்றேன்.

அப்பா உன்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "இன்ஜின் பொய் சொல்லாது. நீ சொல்ற. பொய்யன்" என்றார். நீ என்னை இன்னொரு முறை பார்த்தாய். அப்புறம் குனிந்துகொண்டாய், அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்க உனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும், ஆயிலுக்குக் கலர் இல்லை என்று சொன்னால் போதும், அவருக்கு உடனே புரிந்திருக்கும். நீ சொல்லவில்லை. நான் உள்ளே போய், பாட்டிலில் மிச்சம் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றி, சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். பொய் சொன்னது பயத்தில். கழுவியது தெரிந்தே. இரண்டையும் ஒன்றாக நான் சேர்ப்பதில்லை.

அதற்கப்புறம் நீ எந்த வண்டியிலும் ஏறவில்லை. காலேஜுக்கு ரயில், வேலைக்குப் பஸ். கேஸ் குமிழை மூன்று முறை திருகிப் பார்ப்பாய், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவாய். எல்லோரும் பொறுப்பான பிள்ளை என்றார்கள். எனக்குத்தான் தெரியும், அது பொறுப்பு இல்லை, உன் கையை நீயே நம்பாதது. நீயும் அப்பாவும் என் வழியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தீர்கள். "அவன்கிட்ட சொல்லு." "அவர்கிட்ட கேளும்மா." ஒரே சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு. வேலை கிடைத்து நீ பூனாவுக்குக் கிளம்பின அன்று ஸ்டேஷனில் அவர் உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார், விடவில்லை. நீ "குடுப்பா" என்றாய். கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. நடுவில் நான் நின்றேன், இரண்டு பேருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு. நாலு வார்த்தையில் உங்களைச் சேர்த்துவைத்திருக்க வேண்டியவள்.

போன மாதம் நிச்சயம் முடிந்து நீ பூனாவுக்குத் திரும்பின மறுநாளே பரணில் ஏறினேன். வண்டியைப் பழைய காக்கித் துணியில் சுற்றி வைத்திருந்தேன். டயர் வெடித்து, செயின் துருப்பிடித்து, பெட்ரோல் போகிற குழாய் அப்பளமாக நொறுங்கியது. போனில் வீடியோக்களைப் போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தேன். ஒருத்தன் இந்தியில் சொன்னான், இன்னொருத்தன் என்ன மொழி என்றே தெரியவில்லை. கை மட்டும் பார்த்தால் போதும் எனக்கு. கார்புரேட்டரைப் பிரித்தால் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு சின்னப் பித்தளைத் துளை, பதினாலாம் நம்பர் மிஷின் ஊசிகூட நுழையாது. பெயின்ட் தின்னரில் ஊறவைத்து, ஊதி, மெல்லிசான செம்புக் கம்பி விட்டு அடைப்பை எடுத்தேன். தூக்கிப் பிடித்தால் அந்தத் துளை வழியாக ஷெட்டில் நிற்கும் ரயிலின் ஒரு ஜன்னல் தெரிந்தது. அந்த மத்தியானம் முழுக்க அதன் வழியாகவே எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வராந்தா கதவில் வந்து நின்று, "இன்னாமே, ரேஸுக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கைவைக்கவில்லை. அந்த வண்டியைப் பார்த்தாலே அவர் கண் வேறு பக்கம் போய்விடும்.

கீறிப்போன பிஸ்டனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் இருக்கிறார், தாடியெல்லாம் வெள்ளை, பேச்செல்லாம் கேலி. பிஸ்டனை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "இன்னாம்மா இது, அல்வாத் துண்டு மாரி கீது? எந்த வண்டிது?"

"என் பையனோட குட்டி வண்டி."

"பையனுக்கு எத்தினி வயசு?"

"இருபத்தாறு."

பிஸ்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கொஞ்சம் லேட்டாதான் வந்துகிறீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கீறலைத் தடவி, "ஆயில் இல்லாம ஓட்டிகிறான்மா பையன்" என்றார். அங்கேதான், செல்வா, ஸ்க்ரூவும் பேரிங்கும் தொங்குகிற அந்தக் கடை வாசலில், யாரென்றே தெரியாத ஒரு மனுஷரிடம் முதல் முறையாகச் சொன்னேன். "இல்ல பாய். ஆயில் இருந்துச்சு. தப்பான ஆயில். மிஷின் ஆயில். ஊத்தினது நான்." பாய் ஆச்சரியப்படக்கூட இல்லை. "அத்த வுடுங்கம்மா, தெரியாம ஊத்துறதுதான். பையன்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அளவு எடுக்கப் போய்விட்டார். பத்து நாளில் புது பிஸ்டனும் சிலிண்டரும் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார், தந்தார். முதல் நாள் திரும்பி வரும் பஸ்ஸில் சென்னீர்குப்பம் தாண்டுகிற வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிற விஷயமா இது என்று அழுதேன்.

பிஸ்டன் வந்த அன்று மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன். அவர் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன், டிபன் பாக்ஸ், கேட், ஆயில், உன் கேள்வி, என் பொய். அவர் கை தட்டிலேயே நின்றது. தட்டைத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன், தள்ளவில்லை. "பாட்டில கழுவிட்டியா?" என்று மட்டும் கேட்டார். கழுவினேன் என்றேன். "தூக்கிப் போட்டுட்டியா?" இல்லை. அதை மட்டும் என்னால் போட முடியவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்தபோதும் துணி சுற்றிக் கொண்டுவந்தேன், மிஷின் இழுப்பறையின் அடியில்தான் இருக்கிறது. எடுத்துவந்து கொடுத்தேன். கையை அலம்பிவிட்டு அதை வாங்கிக்கொண்டு வெளியே போனார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், மாத்திரை போட்டார், பேப்பர் படித்தார். பேசவில்லை. நான் குறை சொல்ல மாட்டேன். உனக்கு அவர் கொடுத்தது பதினாலு வருஷம், எனக்கு நாலே நாள்.

அந்த நாலு நாளில் நான் தனியாகவே வேலையைத் தொடர்ந்தேன். பிஸ்டனுக்குக் குறுக்கே போகிற ஆணி நழுவாமல் இருக்க ஒரு சின்னக் கம்பி வளையம் உண்டு, நகக்கண் அளவுதான். மாட்டப் போனபோது விரலிலிருந்து துள்ளி எங்கோ போய்விட்டது. தரையில் படுத்து, துடைப்பத்தால் கூட்டி, காந்தம் வைத்துத் தேடி, ஓய்ந்துபோய்ப் படுத்தேன். அந்தத் தூக்கத்தில் ஒரு கனவு. குவார்ட்டர்ஸ் மைதானம், நீலப் புகை, வண்டி சுற்றிக்கொண்டிருக்கிறது, மேலே யாரும் இல்லை. நானும் அப்பாவும் ஆளுக்கு ஒரு மூலையில் நிற்கிறோம். வண்டி எங்கள் இருவரிடமும் வந்து வந்து போகிறது, யார் முன்னாலும் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் எழுந்து வந்து பார்த்தால், என் மிஷின் பலகையில் ஒரு துண்டுப் பேப்பர், அதன் மேல் அந்தக் கம்பி வளையம். எங்கே கண்டெடுத்தார், எத்தனை நேரம் தேடினார் என்று இதுவரை சொல்லவில்லை. அந்த வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு எப்படிக் குனிந்தாரோ.

பிஸ்டன் ரிங்கை விரலால் அமுக்கிப் பிடித்தபடி சிலிண்டரை மேலிருந்து இறக்க வேண்டும், இரண்டு கை போதாது. நான் மூன்று முறை முயற்சி செய்து தோற்றேன். நாலாவது முறை என் கைக்கு மேலே இன்னொரு கை வந்து சிலிண்டரைப் பிடித்தது. "நீ ரிங்கை அமுக்கு. நான் எறக்குறேன்" என்றார். இறங்கியது. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். துண்டில் சுற்றி வைத்திருந்த உன் பாட்டிலை எடுத்தார், நாலு நாளும் அவரிடமேதான் இருந்திருக்கிறது. இருமல் மருந்தோடு வருகிற பத்து மில்லி மூடியில் தண்ணீர் மொண்டு பாட்டிலில் ஊற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் உன் கீழ்க்கோட்டில் ஒரு மயிரிழைகூட ஏறாமல் இறங்காமல் நின்றது.

"புள்ள சரியாதான் கோடு போட்டுகீறான்" என்றார். பாட்டிலைக் கீழே வைத்தார். "பன்னண்டு வயசுப் புள்ள. இன்ஜினை நம்புனேன், அவனை நம்பல" என்றார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். ஷெட்டில் எவனோ ஹாரன் அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தான், எங்கள் சத்தம் தெருவுக்குக் கேட்காமல் அதுதான் காப்பாற்றியது.

உனக்குக் கல்யாண புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அம்மா இல்லையா, சொல்லாமல் விடுவேனா? ரேவதியிடம் தப்பு செய்வாய். செய்யாமல் யாரும் குடும்பம் நடத்தியதில்லை. பயத்தில் ஒரு பொய்கூடச் சொல்லிவிடுவாய். அன்று சாயந்திரத்துக்குள் போய்ச் சொல்லிவிடு, பாட்டிலை மட்டும் கழுவாதே. ஒருநாள் தள்ளினால் அப்புறம் தினமும் தள்ளத் தோன்றும், எனக்குத் தோன்றியதுபோல். இன்னொன்று, அவள் தப்பு செய்தால் அதை நீ தூக்கிச் சுமக்காதே. எனக்காக நீ சும்மா இருந்தது பாசம்தான், மறுக்கவில்லை, நினைத்தால் இப்போதும் உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் உன் மௌனத்தில் நான் ஒளிந்துகொண்டேன், அப்பா உன்னை இழந்தார், நீ உன் கையை இழந்தாய். கோபம் வந்தால் கத்து. என் மேல் வந்தால் என் மேலும் கத்து, வாங்கிக்கொள்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டுப் போன் செய்யாதே. யோசி. கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னாலும் சரி, சொல்லாமலே போனாலும் சரி. ரேவதியிடம் மட்டும் உண்மையில் நடந்ததைச் சொல்லிவிடு, அல்லது இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு.

வண்டி தயார். புது டயர், புது செயின், இழுக்கிற கயிறு புதிது. மின்னல் ஸ்டிக்கரை மட்டும் நான் தொடவில்லை. ஆனால் இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஓட்டிக் காதால் கேட்காமல் ஒரு இன்ஜினையும் வெளியே விடாத உன் அப்பா, இதை மட்டும் "அவன் வந்து இழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். முட்டி வலியோடு ஆவடி வரை போய் டூ-டி ஆயில் வாங்கிவந்து, மூடியைத் திறக்காமல் ஜன்னல் மேல் வைத்திருக்கிறார். பெட்ரோலும் எடுத்து வைத்துவிட்டார். கழுவிக் கவிழ்த்த உன் பாட்டில் வெயிலில் காய்கிறது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறாய் அல்லவா? இந்த வண்டி உன்னைத் தாங்காது, முழங்கால் காதைத் தொடும். ஏறி உட்கார வேண்டாம், கயிற்றை மட்டும் இழு. அதற்கு முன் பாட்டிலில் கோடு பார்த்து ஊற்று, மூடு, குலுக்கு, வெளிச்சத்தில் பிடித்துப் பார். அப்பா வராந்தா கதவில் வந்து நிற்பார். மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது, செல்வா, எதிர்பார்க்காதே. அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "ஆயில் கலந்தியா?" என்பார்.

கலந்தேன்பா என்று சொல். அவர் நம்புவார்.

உன் அம்மா